கலிபோர்னியாவின் கட்டணமில்லா உயர்கல்வியும் மாணவர் கடனும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1868ஆம் ஆண்டில் தனது அரசுப் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது, மாநிலத்தவரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கற்பிப்பதே நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்தக் கொள்கை நிலைத்தது. 1970இல் அதில் முதல் விரிசல் விழுந்தது. 2011ஆம் ஆண்டளவில், மாநில அரசு பல்கலைக்கழகத்துக்கு அளித்த தொகையைவிட மாணவர்கள் செலுத்திய கட்டணம் கூடுதலாகிவிட்டது. இந்த மாற்றம் ஒரே சட்டத்தால் ஒரே நாளில் நடந்ததன்று. சிறு சிறு முடிவுகளாலும் பெயர் மாற்றங்களாலும் நாற்பது ஆண்டுகளில் நடந்தது. கல்வியின் செலவை வரி செலுத்துவோரிடமிருந்து மாணவரின் தோளுக்கு மாற்றிய இவ்வரலாறு, அமெரிக்க மாணவர் கடன் எவ்வாறு உருவானது என்பதைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

சொற்பொருள்

தமிழ்நாட்டில் டியூஷன் என்றால் பள்ளி நேரத்துக்கு வெளியே பெறும் தனிப்பயிற்சியைக் குறிக்கும். அமெரிக்காவில் அச்சொல் வகுப்பறைக் கற்பித்தலுக்காகக் கல்லூரி வாங்கும் கட்டணத்தைக் குறிக்கிறது. மருத்துவ வசதி, ஆய்வகம், பதிவு, மாணவர் மன்றம் முதலியவற்றுக்காக வாங்கப்படுபவை பொதுவாகக் 'கட்டணங்கள்' எனப்படும். கலிபோர்னியாவில் இவ்விரு சொற்களின் வேறுபாடு வெறும் சொல் விளையாட்டாக இருக்கவில்லை. 'டியூஷன் இல்லை' என்பதே மாநிலத்தின் கொள்கை. எனவே பல்கலைக்கழகம் கற்பித்தல் செலவுக்காகப் பணம் வாங்கத் தொடங்கிய பின்னரும் அதை அப்பெயரால் அழைக்கத் தயங்கியது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவருடைய பணி நம் நாட்டு முதலமைச்சரின் பணிக்கு ஒப்பானது.

தொடக்கக் காலம்

1862 ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் மோரில் சட்டத்தில் கையொப்பமிட்டார். வேளாண்மை, பொறியியல் முதலிய தொழிற்கல்வி அளிக்கும் கல்லூரிகளை நிறுவ, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. கலிபோர்னியாவுக்கு அப்போது ஐந்து உறுப்பினர்கள் இருந்தமையால் 1,50,000 ஏக்கர் கிடைத்தது. அந்நிலத்தை விற்றுவரும் பணமே கல்லூரிக்கு முதலாயிற்று. இந்நிலங்கள் பழங்குடி மக்களிடமிருந்து போராலும் நேர்மையற்ற ஒப்பந்தங்களாலும் பறிக்கப்பட்டவை. ஆகவே 'இலவசக் கல்வி' என்பதற்கு முதல் விலையைக் கொடுத்தவர்கள் அந்த வகுப்பறைகளில் இடம்பெறாத மக்களே ஆவர்.

1868 மார்ச் 23 அன்று ஆளுநர் ஹென்றி ஹெய்ட் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அமைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். தொடக்கத்தில் தேவையான கட்டணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும், வருவாய் இடங்கொடுத்தவுடன் சேர்க்கையும் கற்பித்தலும் மாநிலத்தவர் அனைவருக்கும் இலவசமாக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. 1870 முதல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். 1873இல் பல்கலைக்கழகம் பெர்க்லி நகருக்கு இடம்பெயர்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஆய்வகம், மருத்துவம் போன்றவற்றுக்காகச் சில்லறைக் கட்டணங்கள் வந்தன. ஆயினும் கற்பித்தலுக்கு மாநிலத்தவரிடம் பணம் வாங்கப்படவில்லை. வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டவரும் இச்சலுகைக்கு வெளியே இருந்தனர். இதற்குத் தமிழரோடு தொடர்புள்ள ஒரு சான்று உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில், பெர்க்லியில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். அவருடைய முதலாண்டுச் செலவை இந்திய அரசுப் பணியில் இருந்த அவருடைய தந்தை தம் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கொடுத்தார். சியாமளாவின் மகளே பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரான கமலா ஹாரிஸ்.

போர்வீரர் சட்டமும் முதல் அரசுக் கடனும்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 ஜூன் 22 அன்று, நாடு திரும்பும் போர்வீரர்களின் மறுவாழ்வுக்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். வீரர்களின் கல்லூரிக் கட்டணத்தை ஆண்டுக்கு 500 டாலர் வரை நடுவண் அரசே செலுத்தியது. வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்தது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இதனால் கல்லூரிக்குச் சென்றனர். கறுப்பின வீரர்கள் பலருக்குப் பல இடங்களில் இப்பயன் மறுக்கப்பட்டது என்ற குறை இருந்தாலும், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் எட்டாக்கனி அன்று என்பதை இச்சட்டம் காட்டியது.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அறிவியல் கல்வியில் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம் அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. அதன் விளைவாக 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. நடுவண் அரசு மாணவர்களுக்குப் பரவலாகக் கடன் வழங்கத் தொடங்கியது இச்சட்டத்தின் மூலமே. வட்டி 3 விழுக்காடு. கடன் பெற்றவர் அரசுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தால், ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், கடனில் பாதி வரை தள்ளுபடி செய்யப்பட்டது. கடனை ஒரு பொதுப்பணிக்கான ஊக்கமாக அன்றைய சட்டம் கருதியது என்பது இதனால் விளங்கும்.

1960ஆம் ஆண்டின் பெருந்திட்டம்

போருக்குப் பிந்தைய குழந்தைப் பெருக்கத்தால் 1960களில் மாணவர் எண்ணிக்கை பெருமளவு உயரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய உயர்கல்விப் பெருந்திட்டத்தை ஆளுநர் பாட் பிரவுன் 1960 ஏப்ரலில் சட்டமாக்கினார். உயர்கல்வி மூன்று படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி முடிப்போரில் முதல் 12.5 விழுக்காட்டினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளில் சேரலாம். படிக்க விரும்பும் எவரும் உள்ளூர் இளநிலைக் கல்லூரியில் சேர்ந்து, தேர்ச்சி பெற்றுப் பின்னர் மேல்நிலைக்கு மாறிக்கொள்ளலாம். மூன்று நிலைகளிலும் மாநிலத்தவருக்கு டியூஷன் இல்லை என்ற பழைய கொள்கை மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

இதனால் பிற மாநிலங்களும் பல வெளிநாடுகளும் கலிபோர்னியாவை முன்மாதிரியாகக் கொண்டன. எனினும் திட்டத்தின் அடிப்படை ஒன்றே: மாநிலக் கருவூலம் ஆண்டுதோறும் தவறாமல் பணம் தர வேண்டும். அதற்கு எந்தச் சட்டப் பிணையும் இருக்கவில்லை.

ரேகனும் கட்டண விவாதமும்

1964இல் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமை இயக்கம் எழுந்தது. வளாகக் கிளர்ச்சிகளின்மீது பொதுமக்களில் ஒரு பகுதியினருக்கு இருந்த சினத்தை, நடிகரான ரொனால்ட் ரேகன் தம் தேர்தல் பரப்புரையில் பயன்படுத்தினார். 1966 நவம்பரில் பாட் பிரவுனைத் தோற்கடித்தார். அவர் ஆளுநராகப் பதவியேற்ற அம்மாதமே, 1967 ஜனவரி 20 அன்று, ஆட்சிக்குழு 14க்கு 8 என்ற வாக்கில் கிளார்க் கெரைப் பதவிநீக்கம் செய்தது. பல்கலைக்கழக நிதியைக் குறைக்கவும் டியூஷன் வாங்கவும் ரேகன் முன்மொழிந்தார். வெறும் அறிவு வேட்கைக்கு வரிப்பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம்.

அவ்வாதத்தை அரசியல் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. 1969இல் பொருளியலாளர்கள் லீ ஹேன்சன், பர்ட்டன் வெய்ஸ்பிராட் ஆகியோர் கலிபோர்னியாவின் உயர்கல்விச் செலவை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். பல்கலைக்கழகத்தில் படிப்போரின் குடும்பங்கள் சராசரியாக வசதி மிக்கவை என்றும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப இயலாத ஏழைகளும் அதற்காக வரி செலுத்துகிறார்கள் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர். இதற்கு ஜோசப் பெக்மன் என்ற மற்றொரு பொருளியலாளர் மறுப்பு எழுதினார். வசதி மிக்கவர்கள் வரியும் மிகுதியாகச் செலுத்துகிறார்கள். அதையும் கணக்கில் சேர்த்தால் ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்குப் பணம் போகிறது என்ற முடிவு நிற்காது என்றார். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் பற்றிய இன்றைய விவாதங்களிலும் இவ்விரு வாதங்களே வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

1970இல் ஆட்சிக்குழு புதிய கட்டணம் ஒன்றை விதித்தது. அதற்கு 'கல்விசார் கட்டணம்' என்று பெயரிடப்பட்டது. டியூஷன் என்ற சொல் தவிர்க்கப்பட்டது. இளநிலை மாணவருக்கு முதலாண்டில் 150 டாலர், மறு ஆண்டில் 300 டாலர். தொகை சிறிதுதான். ஆனால் தடை உடைந்துவிட்டது. அன்று தவிர்த்த சொல்லைப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். 2010 நவம்பரில் அக்கட்டணத்தின் பெயர் முறைப்படி 'டியூஷன்' என மாற்றப்பட்டது.

நாட்டின் மறுமுனையிலும் இதே காலத்தில் இதுபோன்றே நடந்தது. 1847 முதல் கட்டணமின்றிக் கற்பித்துவந்த மரபை உடைய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், 1970இல் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்களுக்குக் கதவை அகலத் திறந்தது. நகரின் நிதி நெருக்கடியால் 1976இல் அங்கும் டியூஷன் வந்தது.

சொத்துவரிக் குறைப்பு

1978 ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் 13ஆம் முன்மொழிவின்மீது பொதுவாக்கெடுப்பு நடந்தது. வீட்டு விலை ஏறியதால் சொத்துவரியும் ஏறி, ஓய்வூதியர் பலர் சொந்த வீட்டையே இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய காலம் அது. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் ஆகியோர் முன்வைத்த அம்முன்மொழிவை ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரித்தனர். சொத்துவரி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மிகாமலும், மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராமலும் கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளாட்சிகளின் சொத்துவரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது.

பல்கலைக்கழகம் சொத்துவரியை நம்பி இயங்கவில்லை. ஆயினும் பள்ளிகளின் செலவை மாநில அரசு தாங்க வேண்டியதாயிற்று. 1988இல் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்ச நிதி ஒதுக்கீடு அரசமைப்பிலேயே உறுதி செய்யப்பட்டது. கடுமையான தண்டனைச் சட்டங்களால் 1980இல் சுமார் 25,000 ஆக இருந்த மாநிலச் சிறைவாசிகளின் எண்ணிக்கை 2000இல் 1,60,000 அளவுக்குப் பெருகியது. சிறைச் செலவும் உடன் வளர்ந்தது. பள்ளியின் நிதியில் கை வைக்க முடியாது. சிறையைப் பூட்டவும் முடியாது. வருவாய் குறையும் ஆண்டுகளில் வெட்டுவதற்கு எளிதாக இருந்தது பல்கலைக்கழகமே. ஏனெனில் குறையை மாணவரிடம் வாங்கி ஈடுசெய்யும் வழி அதற்கு மட்டுமே இருந்தது.

1984இல் சமுதாயக் கல்லூரிகளிலும் முதன்முறையாகக் கட்டாயக் கட்டணம் வந்தது. 1990–91இல் 1,624 டாலராக இருந்த பல்கலைக்கழகக் கட்டணம், பொருளாதார மந்தத்தின் விளைவாக 1994–95இல் 3,799 டாலராயிற்று.

கடன் வளர்ந்த விதம்

கட்டணம் மாநிலத்தில் உயர்ந்துகொண்டிருக்க, கடனுக்கான ஏற்பாடுகள் நடுவண் அரசில் உருவாகிக்கொண்டிருந்தன. 1965 நவம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் டெக்சாஸில் தாம் படித்த கல்லூரி. 75 டாலர் கடன் வாங்கிக்கொண்டு அக்கல்லூரியில் சேர்ந்தவர் அவர். இடையில் மெக்சிக்க வழிக் குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். வங்கிகள் மாணவருக்குக் கடன் தரும். திருப்பிச் செலுத்தாவிட்டால் அரசு பொறுப்பேற்கும் என்பது இச்சட்டத்தின் ஒரு பகுதி.

1972இல் ஏழை மாணவர்களுக்குத் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அது பின்னர் செனட்டர் கிளைபோர்ன் பெல் பெயரால் பெல் உதவித்தொகை எனப்பட்டது. 1970களின் நடுவில் அதன் உச்சத் தொகை அரசுப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கும் செலவில் முக்கால் பங்குக்கு மேல் ஈடுசெய்தது. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. உதவித்தொகை விட்ட இடத்தைக் கடன் நிரப்பியது. இரண்டுமே 'நிதி உதவி' என்ற ஒரே தலைப்பில் மாணவருக்குத் தெரிவிக்கப்படுவதால், எது கொடை, எது கடன் என்பதைப் பல குடும்பங்கள் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை.

கடனைத் தீர்க்க வழியற்றவர் நம் ஊர் வழக்கில் மஞ்சள் கடிதாசி கொடுப்பார். அமெரிக்காவில் திவால் நீதிமன்றத்தை நாடுவார். மாணவர் கடனுக்கு அந்த வழியும் படிப்படியாக அடைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பிச் செலுத்தத் தொடங்கி ஐந்தாண்டுகள் வரை திவால் விலக்குக் கிடையாது என்றது. 1990இல் அது ஏழாண்டுகளாயிற்று. 1998இல் கால வரம்பே நீக்கப்பட்டு, மிகக் கடுமையான இன்னலை மெய்ப்பிப்பவருக்கு மட்டுமே விலக்கு என்றாயிற்று. 2005இல் தனியார் கல்விக் கடனுக்கும் இவ்விதி விரிந்தது. அரசுக் கடனைக் கட்டத் தவறியவரின் ஊதியத்தில் 15 விழுக்காடு வரை நீதிமன்ற ஆணையின்றியே பிடிக்கலாம். முதுமைக்கால ஓய்வூதியத்திலும் பிடித்தம் செய்யலாம்.

கால நீட்டிப்பு என்ற சலுகையும் ஆராய்ந்து பார்க்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, 5.5 விழுக்காடு வட்டியில் 10,000 டாலர் கடனைப் பத்தாண்டுகளில் தீர்ப்பவர் மாதம் ஏறத்தாழ 108 டாலர் வீதம் மொத்தம் 13,000 டாலர் கட்டுவார். அதையே 25 ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை 61 டாலராகக் குறையும்; ஆனால் மொத்தம் 18,400 டாலர் கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவரே நீட்டிப்பைத் தேடுவதால், குறைந்த வருமானம் உடையவரே ஒரே படிப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்.

2009–2011 கட்டண உயர்வும் போராட்டமும்

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி கலிபோர்னியாவைக் கடுமையாகத் தாக்கியது. 2009 நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கூடிய ஆட்சிக்குழு கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்தியது. வெளியே மாணவர்கள் முழக்கமிட்டனர். மறுநாள் பெர்க்லியில் வீலர் மண்டபத்தை மாணவர்கள் கைப்பற்றி நாள் முழுதும் வைத்திருந்தனர். 2001–02இல் 3,429 டாலராக இருந்த கட்டணம் 2011–12இல் 12,192 டாலரை எட்டியது. பத்தாண்டுகளில் மூன்றரை மடங்கு உயர்வு.

2011 நவம்பர் 18 அன்று டேவிஸ் வளாகத்தில் தரையில் அமர்ந்து அமைதியாகப் போராடிய மாணவர்களின் முகத்தில் வளாகக் காவலர் மிளகுத் தெளிப்பானைப் பீய்ச்சிய காட்சி உலகெங்கும் பரவியது. பாதிக்கப்பட்ட 21 பேருடன் பல்கலைக்கழகம் பின்னர் 10 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

2012 நவம்பரில், பாட் பிரவுனின் மகனும் அப்போதைய ஆளுநருமான ஜெர்ரி பிரவுன் முன்னெடுத்த வரி உயர்வை மக்கள் வாக்களித்து ஏற்றனர். அதன் பயனாகக் கட்டணம் சில ஆண்டுகள் உயராமல் நின்றது. மறுபுறம், மும்மடங்குக் கட்டணம் தரும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. உள்ளூர்ப் பெற்றோரின் எதிர்ப்பால் 2017இல் இதற்கு வரம்பு விதிக்கப்பட்டது.

உணவும் உறையுளும்

கட்டணம் உயர்ந்தாலும் ஏழை மாணவர் அனைவரும் அதைச் செலுத்துவதில்லை. மாநில உதவித்தொகையும் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்திட்டமும் சேர்ந்து, மாநிலத்தைச் சேர்ந்த இளநிலை மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோரின் டியூஷனை முழுமையாக ஈடுசெய்கின்றன. இளநிலை மாணவரில் பாதிக்கும் மேலானோர் கடனின்றியே பட்டம் பெறுகின்றனர். அமெரிக்க அளவில் இது நல்ல நிலையே.

ஆனால் கல்லூரிச் செலவு என்பது கட்டணம் மட்டுமன்று. விடுதி அல்லது வாடகை, உணவு, நூல், போக்குவரத்து ஆகிய அனைத்தையும் சேர்த்தால், வளாகத்தில் தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் ஆகிறது. இதில் டியூஷனின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சாந்தா குரூஸ் போன்ற நகரங்களில் வாடகை மிகுதி. எனவே டியூஷன் விலக்குப் பெற்ற மாணவரும் தங்குமிடத்துக்காகக் கடன் வாங்க நேர்கிறது. வளாகங்கள் உணவு வங்கிகளை நடத்துகின்றன.

கடன் தள்ளுபடி முயற்சி

அமெரிக்க அளவில் நடுவண் அரசுக்குச் சேர வேண்டிய மாணவர் கடன் 1.6 இலட்சம் கோடி டாலரைத் தாண்டியது. கடனாளிகள் ஏறத்தாழ 4 கோடியே 30 இலட்சம் பேர். கொரோனாத் தொற்றுக் காலமான 2020 மார்ச்சில் தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஜோ பைடன், வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு 10,000 டாலரும், பெல் உதவித்தொகை பெற்றிருந்தோருக்கு 20,000 டாலரும் வரை தள்ளுபடி அறிவித்தார். கடனைக் கட்டி முடித்தவர்களுக்கும் கல்லூரிக்கே செல்லாதவர்களுக்கும் இது நீதியாகுமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அத்திட்டத்தை நீக்கியது. 2023 அக்டோபரில் தவணைகள் மீண்டும் தொடங்கின.

மதிப்பீடு

பல்கலைக்கழகத்தை நடத்த எக்காலத்திலும் பணம் வேண்டியிருந்தது. முதலில் அது பறிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்தது. பின்னர் மாநில வரியிலிருந்து வந்தது. இன்று ஒரு முக்கியப் பங்கு மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. வரியாகக் கொடுத்தபோது அச்சுமை வேலையில் இருக்கும் தலைமுறையின்மீது, வருமானத்துக்கு ஏற்ப, பலர்மீது பரவியிருந்தது. கடனாக மாறியபோது அது இன்னும் வேலைக்கே போகாத ஒருவர்மீது, அவர் என்ன ஊதியம் பெறுவார் என்பது தெரியும் முன்பே விழுகிறது. கட்டண விலக்குகளால் பயன்பெறும் ஏழைகளும், கடன் தேவைப்படாத செல்வர்களும் நீங்கலாக, இடையில் உள்ள குடும்பங்களே இதில் மிகுதியும் அகப்படுகின்றன.

கட்டணமில்லாக் கல்வி என்ற எண்ணம் முற்றிலும் மறையவில்லை. 2017இல் கலிபோர்னியா இயற்றிய ஒரு சட்டம், முதன்முறையாகச் சேரும் முழுநேர மாணவரின் முதலாண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சமுதாயக் கல்லூரிகளுக்கு வழிசெய்தது. 2019இல் அது இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் மூன்று படிநிலைகளில் கீழ்ப்படியில், அங்கும் ஒரு பகுதி மாணவருக்கு, பழைய கொள்கை இவ்வாறு திரும்பி வந்துள்ளது.